அவன் வர்ற நேரம்

சைக்கிளை வாசல் கேட்டிலேயே பூட்டிவிட்டு வருவதுதான் வழக்கம். இன்றைக்குப் பூட்டை வீட்டிலேயே மறந்து தொலைத்திருந்தான். அதனால் முதியோர் இல்லத்துக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்து, அம்மாவின் ஜன்னலுக்குக் கீழே சாய்த்து வைத்தான்.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

எழுபத்திரண்டு கிலோமீட்டர் மிதித்து வந்தவனுக்குக் கால் நடுங்கியது. பாட்டிலில் தண்ணீர் இருந்தது, ஆனால் மடமடவென்று குடிக்க முடியாது. ஒரு வாய், அப்புறம் பொறுக்க வேண்டும், அப்புறம் இன்னொரு வாய். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதில் ஒரு வாழைப்பழம் கொள்ளும், அவ்வளவுதான்.

நூற்று நாற்பத்தெட்டு கிலோ இருந்த ஆள். அதுவும் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை. கேலிக்குக் கேட்கவா வேண்டும்? முதலில் நீ இறங்கு, அப்புறம் லாரியை ஏற்றுகிறேன் என்று சொல்லாத டிரைவர் கிடையாது. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வது?

சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, தனி ஆளாக அவனை வளர்த்தவள். அவனுக்கு நாலு வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பார்க்கப் பார்க்க அழுகை வருகிறது என்று அவருடைய போட்டோக்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாளாம். அப்பாவின் முகமே அவனுக்குத் தெரியாது. மகனாவது தனக்கு முன்னால் போய்விடக் கூடாது என்பதுதான் மூச்சுக்கு முந்நூறு தடவை அவள் புலம்பல்.

அவளுக்காகத்தான் ஆபரேஷனுக்குப் படுத்தான். முழங்கால் தேய்ந்திருந்ததால் நடக்க வேண்டாம், சைக்கிள் மிதி என்றார் டாக்டர். முதலில் தெருமுனை. அப்புறம் ரயில்வே கேட். அப்புறம் பத்து, இருபது, ஐம்பது கிலோமீட்டர்.

அந்தப் பாழாய்ப்போன யோசனை அப்போதுதான் வந்தது. நன்றாக இளைத்து முடித்து, சைக்கிளிலேயே போய் அம்மா முன்னால் நிற்க வேண்டும். அதுவரை அவள் கண்ணில் படக் கூடாது.

எட்டு மாதம் படவில்லை. புதன்கிழமை தவறாமல் இல்லத்து நர்ஸம்மாவின் போனில் பேசினான். குரல் கேட்டதுமே "சாப்பிட்டியாடா குண்டு?" என்பாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான், மடையன்.

போன மாதம் வந்து எதிரில் நின்றபோது, "யாரு தம்பி நீங்க?" என்றாள்.

தலைகீழாக நின்று பார்த்தான். சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பைக் காட்டினான். ம்ஹூம். ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது, மிச்சம் இருப்பது உங்களுடைய பழைய உருவம்தான் என்றாள் நர்ஸம்மா. பெற்றவளுக்கு என் கொழுப்பைத்தான் தெரியுமா என்று அன்று வழிநெடுக அழுதுகொண்டே மிதித்தான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அதே கதைதான். தலையணைக்கு அடியிலிருந்து நாலு பிஸ்கெட்டை எடுத்து அவனிடமே காட்டுவாள். மகன் பசி தாங்கமாட்டான், வந்தால் கொடுக்க வேண்டும் என்பாள்.

இன்றைக்கு அவள் ஜன்னல் வழியாகச் சைக்கிளைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே போனதும் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒட்டிப்போன கன்னத்தை, எலும்பு தெரியும் தாடையை, நீண்ட கழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடு துடித்தது.

தெரிந்துவிட்டது! கடவுளே, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இதற்குத்தானே இத்தனை பாடும்.

"அன்னைக்கும் சைக்கிள்லதான போனீங்க" என்றாள், தணிந்த குரலில். "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்னு. முப்பத்தாறு வருஷம் கழிச்சு அதே மாதிரி வந்து நிக்கறீங்க."

பிடித்த மணிக்கட்டை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"எம் பிள்ளைகிட்ட நீங்க செத்துட்டதா சொல்லி வச்சிருக்கேன். அவன் வர்ற நேரம். போயிடுங்க."

போனான். வேறு என்ன செய்வான்? சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தான். அங்கே நின்ற காரின் கண்ணாடியில் ஒட்டிய கன்னத்தோடு ஒரு முகம் தெரிந்தது. அப்பா இப்படித்தான் இருந்திருக்கிறார்.

நடைபாதையில் உட்கார்ந்து நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான்.

"குண்டு! சாப்பிட்டியாடா?" சற்று முன்பு இருந்த தணிவு அந்தக் குரலில் துளியும் இல்லை.

சாப்பிட்டேன் என்றான். யாராவது வந்தார்களா என்று கேட்டான்.

"இங்க யாரு வரப்போறா?" என்றாள் அம்மா. "நீயும் இன்னைக்கு வராதே கண்ணு. வெயில் கொளுத்துது. அடுத்த வாரம் வா."

தலையைத் தூக்கினான். போனைக் காதில் வைத்தபடி அவள் ஜன்னலில் நின்று, அந்த ஆள் போய்த் தொலைந்துவிட்டானா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கண்ணில் படாமல் இருக்க, சைக்கிளையும் இழுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தான்.

"சரிம்மா" என்றான்.