திரும்பி ஓடியவள்

பழைய ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுதிவந்தார் அமலதாஸ். அன்று பார்த்த கறுப்பு வெள்ளைப் படத்தில், கடலிலிருந்து மிருகம் எழுந்ததும் ஊரே மேட்டை நோக்கி ஓடியது. கூட்டத்தில் ஒருத்தி மட்டும் சட்டென்று நின்று, திரும்பி, கடல் பக்கமாகவே ஓடினாள்.

சுனாமி வந்த காலையில் மனைவி ரெஜினாவும் அப்படித்தான் அவர் கையை உதறிவிட்டு ஓடினாள். கடலோரத்தில் அவர்கள் குடியிருந்த குடிசையில் நடக்க முடியாமல் கிடந்தவர் அவளுடைய மாமனார், அமலதாஸைப் பெற்றவர். அமலதாஸ் நிற்காமல் மேட்டுக்கு ஓடினார்.

படத்தை மூன்று தடவை முழுக்கப் பார்த்தார். அந்தப் பெண் மறுபடி வரவேயில்லை. விமர்சனத்தை எழுதி அனுப்பினார். மறுநாள் பத்திரிகை ஆசிரியை கலையரசி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாலு பக்கமும் யாரோ ஒரு பொம்பளையப் பத்தியே இருக்கு. மிருகத்தப் பத்தி ஒரு வரி கூட இல்லையே?"

"அவ என்ன ஆனான்னு படத்துல சொல்லவே இல்லம்மா."

கலையரசி சிரித்துவிட்டாள். "கூட்டத்துல ஓடறதுக்குக் கூட்டியாந்த துணை நடிகைண்ணே அது. ஷூட்டிங் முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிருப்பா."



"வீட்டுக்குத்தாம்மா போனா" என்றார் அமலதாஸ்.