சட்டைப் பையில் ஒரு மூடி

பேனாவைத் தேடிச் சட்டைப் பைக்குள் விட்ட கையில் சக்கர மூடி தட்டுப்பட்டது.

உள்ளங்கை அகலத்தில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. சக்கரத்தின் நடுவில் இருக்க வேண்டியது. டயர் கடைக்காரர் அதை வெளியே எடுத்துப் பார்த்தார்.

அவருடைய வழக்கம் அப்படி. சக்கரத்தைக் கழற்றும்போதே மூடி பைக்குள் போய்விடும். பஞ்சர் ஒட்டி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, ஜாக்கியை இறக்கிய பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்குவார். இறுக்கி முடித்தால்தான் மூடி வெளியே வரும். மூடி இன்னும் பையில் இருக்கிறது என்றால் நட்டு இறுகவில்லை என்று அர்த்தம்.

கார் போய் ஐந்து நிமிடம் ஆகிறது.

ஓட்டிப் போனது ஒரு பெண். பின் சீட்டில் ஆறு வயது மகள். இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் மலை இறக்கம், ஒன்பது வளைவு.

செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்கூட்டரை உதைத்தார். கல்லாவில் இருந்த மைத்துனன் “என்ன மாமா, எங்க?” என்று கத்தினான்.

எல்லாம் அந்தக் கம்ப்ரஸரால் வந்த வினை. ஜாக்கியை இறக்கிய நேரம் பார்த்துக் காற்றுக் குழாய் பிய்த்துக்கொண்டு துள்ளியது. ஓடிப்போய் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பின்னாலிருந்து கேட்டாள்.

“நட்டெல்லாம் போட்டாச்சாண்ணா?”

“போட்டாச்சும்மா, போட்டாச்சு. கிளம்புங்க.”

பொய் இல்லை. ஐந்து நட்டையும் போட்டாகிவிட்டது. மகள்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள். இறுக்கியாச்சா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஸ்கூட்டர் முக்கி முனகிக்கொண்டு போனது. அவசரத்துக்கு என்றைக்கு அது ஓடியிருக்கிறது? கண்கள் சாலையையே துழாவின. எங்கேயாவது ஒரு நட்டு கிடக்கிறதா? எதுவோ மின்னியது. வேகத்தைக் குறைத்துக் குனிந்து பார்த்தார். சோடா பாட்டில் மூடி.

அந்தப் பெண்ணை அவருக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டும் உட்காரவில்லை. டீ சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். வெயிலில் நின்றுகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் கைகளையே பார்த்தாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. வாயும் கொஞ்சம் நீளம் அவருக்கு.

“பதினோரு வருஷமா மாட்டறேன்மா. இந்தக் கடையில மாட்டின சக்கரம் கழண்டதா சரித்திரமே இல்ல.”

அவள் முன் பக்க இடது சக்கரத்தைப் பார்த்தபடி நின்றாள். அதில் மட்டும் நடு மூடி இல்லை.

பாவம், எங்கேயோ விழுந்திருக்கும் என்று அவரும் நினைத்தார். அதே மாதிரி ஒன்று கடை டிராயரில் கிடந்தது. போன வருஷம் சட்டை துவைக்கும்போது மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இறுக்கிவிட்டு மூடியைத் தட்டி மாட்ட மறந்திருப்போம் என்று அன்றைக்குச் சமாதானம் செய்துகொண்டார். யாரும் வந்து கேட்கவும் இல்லை. கிளம்பும்போது அதைச் சும்மாவே கொடுத்து இவள் முகத்தைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணியிருந்தார். குழாய் பிய்ந்ததில் அதுவும் மறந்துபோயிற்று.

அந்தக் குழந்தை மட்டும் நன்றாக இருக்கட்டும். வேறு எதுவும் வேண்டாம். கடையைக்கூட மூடிவிடுகிறேன். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார்.

சாலையின் முதல் திருப்பம். மலை இறக்கம் இன்னும் வரவில்லை.

திரும்பியதும் கார் தெரிந்தது. மரத்தடியில், சாலையோரமாக, கதவு திறந்தபடி நின்றது.

பிரேக் பிடித்தாரா, ஸ்கூட்டர் தானாக நின்றதா, அவருக்குத் தெரியாது. ஸ்டாண்டு போடாமல் அதைக் கீழே சாய்த்துவிட்டு ஓடினார். சரளைக் கல் காலைக் குத்தியதுகூட உறைக்கவில்லை.

அவர் மாட்டிய பின் சக்கரம் கழலாமல் இருந்தது. அதன் பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். அவளுடைய சொந்த ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் கைப்பிடி மேல் ஒரு காலை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். கிறீச்சென்று ஒரு சத்தம்.

“நாலு,” என்றாள் மகள். புல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கடை கண்ணுக்கு மறைந்த முதல் திருப்பத்திலேயே வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். இது அவர்களுக்குப் புதிய வேலை இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. வேறு நேரமாக இருந்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். இப்போது அவர் கண்தான் கலங்கியது.

“அஞ்சு.”

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. பையிலிருந்த மூடியை எடுத்து நீட்டினார். எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று, தெரிந்த ஒரு நல்ல விஷயத்தைச் சொன்னார்.

“முன் சக்கரத்துக்கும் ஒரு மூடி இருக்கும்மா கடையில. இதே அளவுதான். எடுத்துட்டு வந்து தரேன்.”

அவள் ஸ்பேனரைத் துணியில் சுற்றினாள். அதை டிக்கியில் வைத்து மூடினாள்.

“இருக்கும்னுதான் நெனச்சேன்,” என்றாள். “அது இந்த வண்டியோடதுதாண்ணா. போன வருஷம் இவங்கப்பா கடைசியா வண்டி எடுத்தது, உங்க கடையிலேர்ந்துதான். இந்த இறக்கத்த அவர் தாண்டல.”