முதலில் பேசுவது யார்?

"நாலு தலைப்பும் அரைச்ச மாவையே அரைக்கிற மாதிரி இருக்கு. வேற ஏதாவது யோசிச்சிருக்கீங்களா?" என்றார் சமூகவியல் பேராசிரியை.

முனைவர் பட்டத்துக்குச் சேர வந்திருந்த மாணவி சற்றுத் தயங்கினாள். "இன்னொண்ணு இருக்கு மேடம். கூடப் பிறந்தவங்க ஏன் ஒருத்தரோட ஒருத்தர் பேச்சை நிறுத்திக்கிறாங்க?"

பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். "புதுசா இருக்கே! ஆனா வீட்டு விஷயத்தை யார் வாயைத் திறந்து சொல்லுவாங்க?"

"ஒருத்தங்க சொல்லியிருக்காங்க மேடம். தன் தங்கச்சியோட பேசி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம்."

"அப்படி என்ன சண்டையாம்?"

"அது அவங்களுக்கே சரியா ஞாபகம் இல்லையாம். யார் முதல்ல பேசறதுங்கற வீம்பு மட்டும்தான் மிச்சமாம்."

"தங்கச்சி என்ன சொல்றாங்க?" பேராசிரியைக்கு ஆர்வம் தாங்கவில்லை. "ரெண்டு பக்கமும் கேட்டாத்தானே ஆராய்ச்சி?"

"இனிமேதான் கேட்கணும். அதுக்காகத்தான் உங்களைத் தேடி வந்தேன்... சித்தி."

பேராசிரியை அந்த முகத்தையே உற்றுப் பார்த்தார். நெற்றியும் மூக்கும் அச்சு அசல் அக்காவுடையவை. இவ்வளவு நேரம் எப்படிக் கவனிக்காமல் போனார்!

"இந்தத் தலைப்பு உனக்கு வேண்டாம்" என்றார் கடைசியில்.

மாணவியின் முகம் வாடிவிட்டது. "ஏன் சித்தி?"

"நீ ஆராய்ஞ்சு முடிக்க நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் என்னால பொறுக்க முடியாதுடி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தார். "உங்கம்மா நம்பரைச் சொல்லு."