பெபினின் எக்ஸ்ரே

"இந்த நெஞ்சில ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது ஆண்டவரே!" என்று தேவதாஸ் உரக்க ஜெபித்தார். அவருடைய கை பெபினின் நெஞ்சில் இருந்தது. அந்தக் கைக்கடியில் இருமல் குமுறிக்கொண்டு வந்தது.

அரபு நாட்டில், முசஃபா தொழிலாளர் கேம்ப் அறையில் கட்டில்களுக்கு நடுவே முழங்காலில் நின்ற அத்தனை பேரும் "ஆமென்" என்றார்கள். பெபின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பயந்துபோயிருக்கிறான் பாவம் என்று தேவதாஸுக்கு மனசு இளகிவிட்டது.

பயப்படாமல் என்ன செய்வான்? விசா புதுப்பிக்க நேற்றுத்தான் மெடிக்கல் முடிந்தது. நெஞ்சில் நோய் என்று வந்துவிட்டால் இந்தக் கம்பெனி ஆளை வைத்துக்கொள்ளாது. விசாவை கான்சல் பண்ணி, டிக்கெட்டைக் கையில் திணித்து விமானம் ஏற்றிவிடும். கிளிட்டஸை அப்படித்தான் அனுப்பினார்கள்.

கிளிட்டஸ் இதே அறையில்தான் கிடந்தான். டி.பி. என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, இருமலைக் கேட்டே ஆளுக்கொரு பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வாரம் தவறாமல் பிரசங்கம் பண்ணும் தேவதாஸே வாசலில் நின்றுதான் நலம் விசாரிப்பார்.

பக்கத்தில் போனது பெபின் ஒருவன்தான். அடுத்த கட்டிலுக்கு மாறிப் படுத்தான், கஞ்சி வைத்து ஊட்டினான், மிச்சத்தை வீணாக்காமல் தானே குடித்தான், சளித் துணியைக் கூசாமல் அலசிப் போட்டான். மாஸ்க் போட்டுக்கொள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "நாம வேதம் வாசிக்கிறோம், இவன் அத வாழுறான்" என்று தேவதாஸ் போகிற கூட்டத்தில் எல்லாம் சாட்சி சொல்லிச் சொல்லி, பக்கத்துக் கேம்ப்களில்கூட பெபின் பெயர் பரவிவிட்டது.

அப்படிப்பட்டவனுக்குத்தான் இந்தச் சோதனை. ஊரில் மனைவி ஷாஜினிக்கு வயிற்றில் புற்றுநோய். லீவு கேட்டு ஆபீஸுக்கு நடையாய் நடந்தான், ஆள் பற்றாக்குறை என்று கையை விரித்துவிட்டார்கள். அதுவும் ஒரு வகையில் நல்லதற்குத்தான் என்று தேவதாஸ் நினைத்தார். ஆஸ்பத்திரிச் செலவு இவன் சம்பளத்தில்தானே ஓடுகிறது! வேலையும் போய்விட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

"அண்ணே," பெபின் தணிந்த குரலில் கேட்டான். "நோவு கொஞ்சமா இருந்தாலும் எக்ஸ்ரேல தெரிஞ்சிருமா?"

"தெரியாது மக்கா. தெரிஞ்சாலும் ஆண்டவர் அதத் தொடச்சுப் போடுவாரு."

"கிளிட்டஸண்ணனுக்குத் தெரிஞ்சுதே?"

"அவனுக்கு யாரு இப்பிடி ஜெபிச்சா?"

சொன்ன பிறகு தேவதாஸுக்கே சுருக்கென்றது. அந்தக் குற்றவுணர்ச்சியில் குரலை இன்னும் உயர்த்தினார். பகலெல்லாம் வெயிலில் வெல்டிங் வேலை, பச்சைத் தண்ணீர் பல்லில் படாத உபவாசம், தொண்டை கட்டிப்போய்விட்டது. ஆனாலும் இவனை விட்டுக்கொடுப்பதில்லை என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கேம்ப் பாஸ் நெய்னா முகம்மது வந்தார். காயல்பட்டினத்துக்காரர், நல்ல மனுஷர். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெபத்துக்கு நடுவுல வந்துட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க. ஆபீஸ்லருந்து மெசேஜ் வந்துட்டுது. பெபின் ஃபிட்டு! நெஞ்சுல ஒண்ணுமே இல்லியாம். இருமலு சைட்டு தூசியாத்தான் இருக்கும். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு விசா அடிக்கப் போறாங்க."

"அல்லேலூயா!" என்று அறையே அதிர்ந்தது. ஒருவர் பாட்டை எடுத்தார், மற்றவர்கள் கைதட்டினார்கள். தேவதாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனையோ பேருக்காக ஜெபித்திருக்கிறார், இப்படிக் கண்ணெதிரே பதில் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

பெபின் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் சரிந்து உட்கார்ந்தான். இரும்புக் கம்பியில் நெற்றியை மோதி மோதி அழுதான். தேவதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"போதும் மக்கா, அழாத. இனி என்ன கவல? சம்பளம் நிக்காது. ஷாஜினிய நல்லா வச்சு வைத்தியம் பாக்கலாம்."

"இனி வைத்தியம் இல்லண்ணே. வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணு டாக்டரு சொல்லிட்டாரு. எப்ப வருவிய, எப்ப வருவியண்ணு அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கா."

தேவதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இத ஏன்லே முன்னாடியே சொல்லல? வா, நாளைக்கே மேனேஜருக்க கால்ல விழுவோம்."

"விழுந்தாச்சு. வேலயே வேண்டாம்ணு எழுதிக் குடுத்தேன், பாஸ்போர்ட்டத் தரல. சீக்காளிய மட்டுந்தாண்ணே இவனுவ ஊருக்கு விடுவானுவ."

பாட்டுச் சத்தம் உச்சத்தில் இருந்தது. தேவதாஸின் கை அவன் தோளிலிருந்து தானாக நழுவியது. புரிந்தும் புரியாமலும், "அப்போ கிளிட்டஸுக்கு நீ செஞ்சதெல்லாம்..." என்று இழுத்தார்.

பெபின் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான்.

"அவருக்க எச்சில் கஞ்சிய நான் குடிச்சது அன்பினாலண்ணா நெனச்சிய?"