சுவருக்கு அந்தப் பக்கம்

1957இல் புளூ காய்ச்சல் பரவி ஆட்டங்களெல்லாம் நின்றுபோயின. கால்பந்தாடுவதற்கென்றே இலங்கையின் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்று சம்பளம் கொடுத்து வைத்திருந்த வீரபத்திரன், தானும் காய்ச்சலில் விழுந்து, காம்பரா எனும் தன் லயத்து அறையில் இரண்டு வாரமாகச் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். சோற்றைக்கூடத் தொடவில்லை.

ஒரு நாள், கொழுந்தெடுத்துத் திரும்பிய மனைவி காத்தாயியிடம் கண்கள் மின்னச் சொன்னான்:

"ஏ புள்ள, வெடியக்காலையில பக்கத்துக் காம்பராவுல சடையன் சுவத்துல பந்து அடிச்சான். நானும் திருப்பி அடிச்சேன்!"

"உங்க டீமுக்குக் கோலி நின்னு கோல் காக்கிறவரு சும்மா இருப்பாரா? நீங்க சாப்பிடுங்க."

அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் பந்து மோதியது. வீரபத்திரன் சாப்பிட்டான், சிரித்தான்.

காய்ச்சல் கண்டு லாரியில் கொண்டுபோன சடையன் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனதை, இவனும் போய்விடுவானோ என்ற பயத்தில் காத்தாயி மறைத்திருந்தாள். விடிகாலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது அந்தப் பூட்டிய காம்பராவைத் திறந்து சடையனின் பந்தை அடித்தவள் அவள்தான்.

இன்று அவளுக்கே காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. பூட்டிக் கிடந்த சடையன் காம்பராவின் சாவி அவள் மடியில் இருந்தது. வீரபத்திரன் அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டான்.

"இன்னைக்கு அவரு அடிக்க மாட்டாருங்க..." என்று உண்மையைச் சொல்லத் தொடங்கினாள்.

தொம்மென்று சுவர் அதிர்ந்தது.

"இன்னைக்குத்தான் புள்ள," என்று எழுந்தான் வீரபத்திரன், "சடையன் அடி மாதிரி இருக்கு."