மகன் வருகிறான்

மகன் கமோல் வேலைபார்க்கும் மாஸ்கோவிலிருந்து வந்த தந்தியை, தபால்காரன் உமேத் தயங்கித் தயங்கி நீட்டினான். ஜுலைகோ வாங்கிப் பிரித்தாள்.

"படி, படி!" பார்வையிழந்த கணவர் பறந்தார்.

"'அப்பா, நான் நல்லாயிருக்கேன். நவ்ருஸ் பண்டிகைக்கு ஊருக்கு வரேன்.'"

"என் சிங்கம்! ஆடு வெட்டி ஊருக்கே சோறு போடணும்!"

உமேத் திகைத்துப்போனான். அவனை வாசலுக்கு இழுத்துவந்தாள் ஜுலைகோ. கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினான். அவள் கட்டைவிரலை நீட்டினாள்.

"அக்கா, உங்களுக்கு..."

"மெதுவா! படிச்ச பொண்ணுன்னு பொய் சொல்லிக் கட்டிவெச்சாங்க. வெளிய தெரிஞ்சா ஊரே காறித் துப்பும். கமோல் போனதுலேர்ந்து அவன் கடுதாசியெல்லாம் நானா இட்டுக்கட்டித்தான் படிக்கிறேன். உன் மூஞ்சியே சரியில்ல தம்பி, நிஜமா என்ன எழுதியிருக்கு?"

உமேத் தலைகுனிந்தான்.

"கமோல் வரான்தான் அக்கா. நாளைக்கே. பெட்டியில."

உள்ளேயிருந்து கணவர் கூப்பிட்டார்: "ஜுலைகோ, இன்னொரு தடவ படி!"