வலிக்காத புண்

"சாக்ஸைக் கழட்டுங்க சார்" என்றாள் நர்ஸ்.

"சர்க்கரைக்குத்தானே வந்தேன்? காலை எதுக்குப் பார்க்கணும்?"

"இங்க அப்படித்தான் சார். காலை நான் பார்ப்பேன், சாப்பாட்டுக்கு ஒருத்தர், மருந்துக்கு டாக்டர்."

"ஒரு சர்க்கரைக்கு இத்தனை பேரா?" சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"கழட்டுங்களேன்" என்றாள் மனைவி. பிறகு நர்ஸிடம் சொன்னாள். "இருபது வருஷமா இவருக்கு ஒரே டாக்டர்தாம்மா. அந்த ஆளை விட்டா உலகத்துல யாரும் படிக்கலைன்னு நினைப்பு. இன்னிக்கு நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

வலது சாக்ஸின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. நர்ஸ் பாதத்தைத் திருப்பினாள். கட்டைவிரலுக்குக் கீழே குழி விழுந்த புண், சுற்றிலும் கறுப்பு.

"வலிக்கலையா சார்?"

"புண் இருக்கிறதே தெரியாது."

"காலை எடுத்துடுவாங்களா?" மனைவியின் குரல் உடைந்தது.

"சர்ஜன் பார்த்துச் சொல்லட்டும்மா." நர்ஸ் அவரிடம் கேட்டாள். "உங்க டாக்டர் ஒரு தடவைகூடக் காலைப் பார்த்ததில்லையா?"

"தனி ஆளு. வெளியே கூட்டம் நிக்கும். சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரை எழுதத்தான் நேரம். யார் காலையும் பார்க்கறதில்லை."

அவருடைய கைபேசி அடித்தது. எடுத்தார். மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டாக்டர், எப்ப வர்றீங்க? நம்ம கிளினிக் முழுக்க சர்க்கரைக்காரங்க உக்காந்திருக்காங்க."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் விடாம எல்லார் காலையும் பாரும்மா" என்றார் கைபேசியில். "இப்பவே."